கார்டு கையைவிட்டுப் போன இடம்

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜனக்புரி வெஸ்டில் மெட்ரோ ஏறிய காந்திமதிக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி திலக் நகரை விட்டுக் கிளம்பும்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வங்கியிலிருந்து செய்தி. அவருடைய கிரெடிட் கார்டில், ஏதோ வெளிநாட்டுப் பணத்தில், பெயரே வாயில் நுழையாத ஒரு கடையில் என்னவோ வாங்கப்பட்டிருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று. சுபாஷ் நகரில் கதவு திறக்கும்போது மூன்றாவது.

காந்திமதி முதலில் கைப்பையைத் திறந்து கார்டு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. உடனே போனிலேயே வங்கியின் ஆப்பைத் திறந்து கார்டை பிளாக் செய்தார். பிறகு கார்டின் முதுகில் அச்சடித்திருந்த நம்பரைக் கூப்பிட்டார். ரஜோரி கார்டன் வருவதற்குள் புகார் எண்ணை வாங்கி, பையிலிருந்த மின்சார பில்லின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

"அதுக்கு அப்புறந்தான் அண்ணாச்சி யோசிச்சேன்," என்று பிறகு என்னிடம் சொன்னார். "கார்டு என் பையில இருக்கு. நான் ரயில்ல நிக்கேன். அப்பம் எவன், எங்க இருந்து தேச்சான்?"

அந்தக் கேள்வி அவர் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, ஆனால் இரண்டு மாதம் சும்மா இருக்கவிடவில்லை.

நான் சுந்தரேசன். மாயவரத்துக்காரன், ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். காந்திமதி வீட்டுக்கு மேல் வீடு எங்களுடையது. அவருக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. மத்திய அரசுப் பரீட்சை எழுதி இருபத்து மூன்று வயதில் தில்லிக்கு வந்தவர். கணவர் மதியழகன் விமானப்படையில் இருக்கிறார்; இப்போது ஜோத்பூரில். ஒரே பெண் கவிதா புனேயில் படிக்கிறாள். ஆக, வருஷத்தில் பாதி நாள் காந்திமதி தனியாகத்தான் இருப்பார். நான் அவர் ஊர்ப் பக்கத்து ஆள் இல்லையென்றாலும் என்னை முதல் நாளிலிருந்தே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார். என் மனைவி விசாலாக்ஷிக்கு அதில் ரொம்பச் சிரிப்பு.

அவருடைய ஆபீஸ் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடு முழுக்கப் பல ஊர்களிலிருந்து மாதாமாதம் விலைப் பட்டியல்கள் வரும்: அரிசி, சோப்பு, செருப்பு, முடிவெட்டு. அதில் பொருந்தாததைக் கண்டுபிடிப்பதுதான் அவர் பிரிவின் வேலை. ஒரு ஊரில் மட்டும் தக்காளி விலை நான்கு மாதம் ஒரே மாதிரி இருந்தால், அங்கே ஆள் சந்தைக்குப் போகாமலே எழுதுகிறார் என்று அர்த்தம். அப்படிப் பத்து இருபது பேரைப் பிடித்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. சந்தைக்குப் போகாத அந்த மனிதர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்றுதான் யோசிப்பார்.

அன்று ஆபீசுக்குப் போகாமல் திரும்பி வந்து, வங்கிக் கிளைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கார்டு விவகாரம் பார்க்கும் அதிகாரி ஒரு பஞ்சாபிப் பெண். முதல் கேள்வியே, "மேடம், ஓடிபி யாருக்காவது சொன்னீர்களா?"

"ஓடிபியே வரலை," என்றார் காந்திமதி இந்தியில். "வந்தால்தானே சொல்வதற்கு."

அதிகாரி தலையாட்டினார். நம் நாட்டு இணையக் கடைகளில் வாங்கினால் ஓடிபி கேட்கும். வெளிநாட்டில் பல கடைகள் அதைக் கேட்பதில்லை. முன்பக்கத்துப் பதினாறு எண், காலாவதி தேதி, முதுகில் இருக்கும் மூன்று எண், இவ்வளவு தெரிந்தால் போதும். கார்டே வேண்டாம்.

"அப்போ எனக்குத் தெரியாமல் யாரோ அதைப் படித்திருக்கிறார்கள்."

"படித்திருக்கலாம். போட்டோ எடுத்திருக்கலாம். நீங்கள் வாங்கிய ஏதாவது இணையக் கடையிலிருந்து திருடு போயிருக்கலாம். அப்புறம், உங்கள் கார்டில் வெளிநாட்டு உபயோகம் திறந்து இருக்கிறதே, ஏன்?"

காந்திமதிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கவிதா எழுதிய ஒரு ஆங்கிலப் பரீட்சைக்கு வெளிநாட்டுக்குப் பணம் கட்டுவதற்காக ஆப்பில் அந்த சுவிட்சைத் திறந்திருந்தார். ஆறு மாதம் ஆகிறது. மூடவே இல்லை.

அதிகாரி நல்ல மாதிரி. உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் நடுவில் யாரோ செய்த வேலை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்கள் மேல் பாரம் விழாது, நீங்கள் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டீர்கள் என்று தைரியம் சொன்னார். 1930 என்ற எண்ணில் சைபர் போலீசுக்கும் புகார் கொடுக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது காந்திமதி கேட்டார்: "எங்கே இருந்து போச்சுன்னு எப்போ தெரியும்?"

"அது தெரியாது மேடம். பெரும்பாலும் தெரிவதே இல்லை."

ஆட்டோவில் வரும்போது காந்திமதி அந்த வாக்கியத்தை இரண்டு தடவை தமிழில் சொல்லிப் பார்த்தார். "தெரிவதே இல்லையாம் அண்ணாச்சி. அது எப்படி? ஒரு இடத்துல இருந்துதானே போயிருக்கணும்?"

அன்று சாயங்காலம் எங்கள் பிளாக்கின் வாட்சப் குழுவில் அவர் ஒரு செய்தி போட்டார். 'கடந்த ஒரு மாதத்தில் யாருடைய கார்டிலாவது வெளிநாட்டில் தெரியாத செலவு வந்ததா?' குட்மார்னிங் பூக்களுக்கும் தண்ணீர் வராத புகாருக்கும் நடுவே போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு நாளில் ஐந்து பேர் பதில் போட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்கள் அதில் மூன்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். விசாலாக்ஷி டீ போட, நான் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். மூன்றாவது மாடி சோப்ரா ஆண்ட்டி வந்தார். எதிர் பிளாக் ஜ்யோத்ஸ்னா வந்தாள். கும்பகோணத்துக் குடும்பம், ஆனால் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இன்னும் மூன்று பேர். ராஜவேல் என்று துணை ராணுவத்தில் இருக்கும் நாமக்கல்காரர், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் என்னவென்று தெரிந்துகொள்ள வந்துவிட்டார்.

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சோப்ரா ஆண்ட்டிக்குப் பெட்ரோல் பங்க்காரன் மேல் சந்தேகம். ஜ்யோத்ஸ்னா, "மாமி, நான் ஆன்லைன்ல ஒரு குர்த்தி வாங்கினேன், பக்கா அதுதான்," என்றாள். இன்னொருவர் ஏ.டி.எம்.மில் கார்டு செருகும் வாயில் திருட்டுக் கருவி ஒட்டியிருப்பார்கள் என்றார். ராஜவேல் கஸ்டமர் கேர் என்று வந்த போனைச் சொன்னார்.

காந்திமதி எதையும் மறுக்கவில்லை. "இருக்கலாம். எல்லாமே நடக்கிறதுதான். ஆனா நம்ம ஆறு பேருக்கும் ஒண்ணா எது நடந்திருக்கு?" என்று சொல்லி, சுவரில் ஒரு பெரிய சார்ட் பேப்பரை ஒட்டினார். ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக் கார்டு விவரத்தைப் போனில் திறந்து, எங்கெங்கே உபயோகித்தோம் என்று கடைப் பெயர்களை வாசிக்க வேண்டும். எவ்வளவு செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் எல்லாரும் கூச்சமில்லாமல் வாசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

பெட்ரோல் பங்க் நான்கு பேரோடு நின்றுவிட்டது. குர்த்திக் கடை ஒருத்தியோடு சரி. ஏ.டி.எம். ஆளுக்கு ஒன்று. ஒரு மணி நேரம் போனபோது ஆறு நெடுவரிசையிலும் வந்த பெயர் ஒன்றே ஒன்று: ஆர்.என். டிரேடர்ஸ்.

அது என்ன கடை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சோப்ரா ஆண்ட்டி மளிகைக் கடை என்றார். இன்னொருவர் குழாய் சாமான் கடை என்று அடித்துச் சொன்னார். கார்டு மெஷினில் பதிவான கம்பெனிப் பெயர் ஒன்றாகவும் கடைப் பலகையில் எழுதியிருக்கும் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். ஆனால் இது எந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிற பெயர்?

"பெயரை விடுங்க," என்றார் காந்திமதி. "தேதியைப் பாருங்க. அன்னைக்கு என்ன பண்ணினீங்க?"

ஜ்யோத்ஸ்னா தன் போனில் அந்தத் தேதியின் போட்டோக்களைத் தள்ளிப் பார்த்தாள். ஜனவரி இருபத்தொன்று. தன் முகத்தையே எடுத்த நான்கைந்து படங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு மூக்குக்கண்ணாடி. எது நன்றாக இருக்கிறது என்று தங்கைக்கு அனுப்பியிருந்தாள்.

"சஷ்மா," என்றாள் மெதுவாக. "மார்க்கெட் மூலையில இருக்கே, மல்ஹோத்ரா கடை. அன்னிக்குத்தான் என் புதுக் கண்ணாடி வாங்கினேன்."

அறையில் இருந்த எல்லார் கையும் ஒரே நேரத்தில் மூக்குக்குப் போயிற்று. அதை நான் மறக்க மாட்டேன். ஆறு பேரும் அந்தக் கடையில்தான் சமீபத்தில் கண்ணாடி மாற்றியிருந்தார்கள். என் கை சட்டைப் பைக்குப் போயிற்று. நானும் டிசம்பரில் அங்கேதான் வாங்கினேன். ராஜவேலும் அங்கேதான்.

"அப்பம் உங்க ரெண்டு பேருக்கும் ஏன் ஒண்ணும் ஆகலை?" காந்திமதி எங்களைப் பார்த்த பார்வையில், நாங்கள்தான் திருடர்கள் என்பதுபோல் எனக்கு வியர்த்தது.

ராஜவேல் கார்டை ஆப்பில் பார்த்தார்கள். வெளிநாட்டு சுவிட்ச் மூடியே இருந்தது. அவர் அதைத் தொட்டதே இல்லை. மற்ற ஆறு பேருக்கும் ஏதோ ஒரு காரணத்துக்காகத் திறந்திருந்தது. ஜ்யோத்ஸ்னா தாய்லாந்து போய் வந்தவள். சோப்ரா ஆண்ட்டிக்கு மகன் ஏதோ வெளிநாட்டு ஆப்பில் சினிமா பார்க்கத் திறந்து கொடுத்திருந்தான். காந்திமதி முகம் மலர்ந்துவிட்டது. "ராஜவேல் சார் கார்டையும் படிச்சிருக்கலாம். ஆனா பூட்டு இருந்ததால உள்ள நுழைய முடியலை."

பிறகு என் கார்டைப் பார்த்தார்கள். மகளைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது திறந்தது. இன்னும் திறந்தே கிடந்தது. எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? காந்திமதி என் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டார். நான் அங்கேயே சுவிட்சை மூடினேன்.

சோப்ரா ஆண்ட்டி எழுந்துவிட்டார். "வாங்க, இப்பவே போய் அந்த மல்ஹோத்ராவை உண்டு இல்லை என்று பண்ணிடலாம்."

"வேண்டாம் ஆண்ட்டி," என்றார் காந்திமதி. "நம்ம கையில ஒரு சந்தேகம்தான் இருக்கு. கத்தினா அழிச்சிடுவாங்க. மல்ஹோத்ராவுக்கே தெரியாமக்கூட இருக்கலாம். எனக்கு ஒரு வாரம் குடுங்க."

அந்த வாரம் அவருக்குப் புதுக் கார்டு கூரியரில் வந்தது. அதை வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். உறையைப் பிரிக்கக்கூட இல்லை.

"அண்ணாச்சி, பழைய கார்டு ஏற்கெனவே அவங்க கையில இருக்கு. அதை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. இது புதுசு. இந்த நம்பர் எனக்கும் பேங்குக்கும் மட்டுந்தான் தெரியும். இதை ஒரே ஒரு இடத்துல உபயோகிக்கப் போறேன். வெளிநாட்டு சுவிட்ச் மூடி வச்சிருக்கேன். யாராவது தொட்டா பணம் போகாது, ஆனா எனக்குச் செய்தி வரும்லா?"

நான் முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் இருந்தவன்; எனக்கு இது தோன்றியிருக்காது.

"நீங்க எதுக்குக் கூட வரணும்னா," என்று தொடர்ந்தார், "எனக்கு மைனஸ் ஆறு பவர். கண்ணாடிக் கடையில எப்படியும் கழட்டச் சொல்லுவாங்க, கழட்டினா உங்க முகமே தெரியாது."

சனிக்கிழமை மதியம் போனோம். சின்னக் கடைதான். மூன்று பக்கமும் சட்டங்கள் அடுக்கிய அலமாரி, நடுநடுவே முகம் பார்க்கும் கண்ணாடிகள். மல்ஹோத்ரா முன்னால் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வேலையெல்லாம் தீபக் என்பவர் பார்த்துக்கொள்வார்; முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான ஆள், வாடிக்கையாளர் பெயரெல்லாம் ஞாபகம் வைத்திருப்பார்.

காந்திமதி ஒரு கண்ணாடிக் கூடு எடுத்தார். பில்லுக்குக் கார்டை நீட்டினார். தீபக் அதை வாங்காமல் சிரித்தார். "மேடம் ஜி, கண்ணாடி கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே. கொடுங்கள், ஸ்க்ரூ முடுக்கித் தருகிறேன்." காந்திமதி கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் தீபக் கார்டை வாங்கினார். "நெட்வொர்க் உள்ளேதான் கிடைக்கிறது. ஒரே நிமிஷம்."

நான் அலமாரிப் பக்கம் திரும்பி, வெயில் கண்ணாடி ஒன்றைப் போட்டுப் பார்க்கிற மாதிரி நின்றேன். எதிரே இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் உள்கவுண்டர் நன்றாகத் தெரிந்தது. அங்கே லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு விளக்கு. அதன் தண்டில் ஒரு போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தீபக் கார்டை விளக்கடியில் வைத்தார். ஒரு மூச்சு விடும் நேரம். திருப்பி வைத்தார். மறுபடி ஒரு மூச்சு. பிறகு மெஷினில் செருகி, மெஷினோடு வெளியே வந்து, காந்திமதியிடம் பின் நம்பர் போடச் சொன்னார். காந்திமதி மெஷினை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு, எண்களைத் தடவித் தடவி அழுத்தினார். தீபக்கின் கை கொஞ்சம்கூட அவசரப்படவில்லை.

தெரு முனை தாண்டியதும் காந்திமதி கேட்டார்.

"என்ன பாத்தீங்க?"

"கார்டைத் திருப்பினான்."

"திருப்பினானா? மெஷின்ல செருக எதுக்குத் திருப்பணும்? முன்பக்கம் சிப் இருக்கு, அப்படியே செருக வேண்டியதுதானே." நின்றுவிட்டார். "முதுகுல இருக்கிற மூணு நம்பருக்குத்தான்." பத்தடி நடந்து மறுபடி நின்றார். "அண்ணாச்சி, கார்டு வாங்கறதுக்கு முன்னாடி என் கண்ணாடியை வாங்கினான். கவனிச்சீங்களா? உங்ககிட்ட அப்படி வாங்கினானா?"

"இல்லையே. என்னோடது படிக்கிற கண்ணாடி. சட்டைப் பையிலதான் இருந்தது."

"தூரத்துல?"

"தூரத்துல எனக்கு நல்லாத் தெரியும்."

காந்திமதி அந்தக் கூட்டமான மார்க்கெட் நடுவில் நின்று என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குறி அவிழ்ந்துவிட்டது. தீபக் எல்லார் கார்டையும் படிக்கவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் கண் தெரியாதவர்களை மட்டும் படித்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு பவர் என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்?

நான் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காந்திமதிக்கோ ஒரு கணக்கு சரியாக வந்த திருப்தி. அதற்குப் பிறகுதான், ஒரு ஐந்து நிமிஷம் கழித்து, "சீ" என்றார்.

காத்திருந்தோம். தினமும் மாலை என் மனைவி, "வந்துதா?" என்று கேட்பாள். மூன்று நாள், ஐந்து நாள். ராஜவேல் போன் போட்டு விசாரித்தார். ஒரு வாரம் ஆனபோது எனக்கு நாம் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. மனிதர் லென்ஸ் துடைக்கப் போனை ஓரமாக வைத்திருக்கலாம். கார்டைச் சும்மா திருப்பியிருக்கலாம்.

ஒன்பதாவது நாள், ஆபீஸ் கேன்டீனில் ராஜ்மா சாவல் தட்டோடு வரிசையில் நிற்கும்போது காந்திமதியின் போன் அதிர்ந்தது. 'உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முயற்சி நடந்தது. வெளிநாட்டு உபயோகம் மூடப்பட்டிருப்பதால் மறுக்கப்பட்டது.' தட்டைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி! வந்துட்டு!"

பணம் திரும்பி வந்த நாளில்கூட அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்கவில்லை.

அன்று மாலையே இரண்டு பக்கம் எழுதினார். அவர் ஆபீஸ் குறிப்பு எழுதுகிற அதே நடை. யார் யார், எந்தத் தேதியில் அந்தக் கடையில் கார்டு கொடுத்தார்கள், யாருக்குச் சுவிட்ச் திறந்திருந்தது, யாருக்கு எவ்வளவு பவர், புதுக் கார்டு எங்கே மட்டும் உபயோகிக்கப்பட்டது, முயற்சி எப்போது வந்தது. ஒரு இடத்தில்கூட 'திருடன்' என்ற சொல் இல்லை. அதை வங்கி அதிகாரியிடம் கொடுத்தபோது அவர் முதல் பக்கத்தை நின்றுகொண்டே படித்தார், இரண்டாம் பக்கத்துக்கு உட்கார்ந்துவிட்டார். "மேடம், நீங்கள் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

சைபர் காவல் நிலையத்தில் முதலில் எங்களை ஒரு பெஞ்சிலிருந்து இன்னொரு பெஞ்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு இளம் பெண் சப்-இன்ஸ்பெக்டர் அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தார். பவர் என்ற நெடுவரிசையில் விரலை வைத்து, "இது எதற்கு?" என்றார். காந்திமதி விளக்கினார். அந்தப் பெண் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடி போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து தீபக்கைப் பிடித்தார்கள். போனில் இருநூற்றுச் சொச்சம் கார்டுகளின் படங்கள் இருந்தனவாம், முன்னும் பின்னுமாக. ஒவ்வொன்றையும் ஒரு சாட் குழுவில் யாரோ ஒருவருக்கு அனுப்புவார். கார்டுக்கு இவ்வளவு என்று கொஞ்சம் பணம் வரும். மாதத்தில் ஒரு நல்ல கண்ணாடிச் சட்டம் வாங்குகிற அளவுதான் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மல்ஹோத்ராவுக்கு ஒன்றும் தெரியாது. மெஷின் அவர் தம்பியின் பழைய துணிக் கம்பெனிப் பெயரில் இருந்ததால்தான் எங்களுக்கு அந்தக் குழப்பம். மனிதர் எங்கள் பிளாக்குக்கு வந்து, வாசலிலேயே கைகூப்பிக்கொண்டு நின்றார். திட்டுவதற்கென்று கீழே இறங்கிய சோப்ரா ஆண்ட்டி அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

ஆறு பேருக்கும் பணம் வந்துசேர்ந்தது. தாமதமாகச் சொன்ன ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் இழுபறி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காந்திமதி வீட்டில் மறுபடி கூட்டம். இந்தத் தடவை இருபது பேர் இருக்கும். அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "எல்லாரும் ஆப்பைத் திறங்க. வெளிநாட்டு உபயோகம் எங்க இருக்குன்னு தேடுங்க," என்றார். பலருக்கு அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியாது. ஜ்யோத்ஸ்னா ஒவ்வொருவராக உட்கார்ந்து மூடிக் கொடுத்தாள். முதுகில் இருக்கும் மூன்று எண்ணை மனப்பாடம் செய்துவிட்டு அதன்மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று யாரோ சொல்ல, காந்திமதிக்கு அது பிடித்துப்போயிற்று. கவிதாவின் பழைய நோட்டு லேபிள்களை வெட்டிக் கொடுத்தார். "மெஷினை நம்ம பக்கம் கொண்டுவரச் சொல்லுங்க. கார்டை உள்ள அனுப்பாதீங்க. அவ்வளவுதான்," என்றார். ஸ்டிக்கர் ஒட்டும் சாக்கில் இரண்டு மணி நேரம் எல்லாரும் கதை பேசிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில் வாக்குமூலம் கொடுக்கக் காந்திமதியைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குத் தீபக்கையும் கொண்டுவந்திருந்தார்கள். வராந்தா பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். காந்திமதி நேராக அவரிடம் போனார். கான்ஸ்டபிள் தடுக்கப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் என்று கேட்டுக்கொண்டார்.

"நீங்கள் அனுப்பிய படங்கள் எங்கே போகும்? யார் வாங்குவார்கள்?"

தீபக் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. "தெரியாது மேடம் ஜி. பெயர் என்று ஒன்று வரும், அது ஆள் பெயரே கிடையாது. குரல்கூடக் கேட்டதில்லை."

"கேட்க வேண்டும் என்று தோன்றவில்லையா?"

"இல்லை," என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை.

காந்திமதி உள்ளே போய் ஒரு மணி நேரம் வாக்குமூலம் கொடுத்தார். நான் வெளியே காத்திருந்தேன்.

திரும்பும்போது ஈ-ரிக்‌ஷாவில் வந்தோம். ஜனக்புரிக்குள் திரும்பிய பிறகு, தானாகவே சொன்னார்:

"கடைசியில வேற ஏதாவது சொல்லணுமான்னு அந்த எஸ்.ஐ. பொண்ணு கேட்டா. இருக்குன்னு சொன்னேன். இருபது வருஷமா எந்தக் கண்ணாடி போட்டாலும் சாயங்காலமானா எனக்குத் தலை வலிக்கும். இவன் பொருத்திக் குடுத்ததுல இருந்து வலிக்கலை. நாலு தடவை அளந்து பாத்து, ரெண்டு தடவை லென்ஸைத் திருப்பி அனுப்பிச் சரி பண்ணிக் குடுத்தான். அதையும் எழுதிக்கோங்கன்னேன்."

"அதை எதுக்கு எழுதணும்? கேஸுக்குச் சம்பந்தமே இல்லையே."

"அவளும் அதான் கேட்டா," என்றார் காந்திமதி. "நடந்ததுலா, அண்ணாச்சி. எழுதணும்லா."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாராம். பிறகு எழுதிக்கொண்டாராம்.